சகலன் வீட்டுக் கூரையும் என் பெட்டியின் உறுமலும்

என் மகளின் குரல் என் வீட்டு ரேடியோவில் கேட்கவில்லை, சகலன் வீட்டு ரேடியோவில் கேட்கிறது. அந்தப் பங்குனி மாதம் முழுக்க என்னைத் தின்றுகொண்டிருந்தது இதுதான். இதை நாகரிகமாகச் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை. பொறாமைதான். வயிற்றெரிச்சல் என்றும் சொல்லலாம். சாப்பிட்டு எழும்பினால் உண்மையிலேயே வயிறு எரிந்தது.

சகலன் என்றால் என் மனைவியின் தங்கையின் கணவர். டென்மார்க்கின் ஹேர்னிங் நகரத்தில், எங்கள் வீதியிலேயே, ஏழு வீடு தள்ளி இருக்கிறார். என்னைவிடப் பதினொரு வயது இளமை. நான் இந்த நாட்டுக்கு வந்து, பனியில் சைக்கிள் ஓட்டப் பழகி, முதலில் துணி ஆலையிலும் பிறகு பிளாஸ்டிக் ஃபக்டரியிலும் கால் கடுக்க நின்று, டெனிஷ் மொழியை அரைகுறையாகக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்த காலமெல்லாம் முடிந்தபிறகு வந்தவர். வந்து மூன்று வருடத்தில் இந்த நாட்டுக்காரர் மாதிரியே தொண்டைக்குள் கதைத்தார். இப்போது கொம்யூனில், அதாவது நகரசபையில், கதிரையில் இருந்து செய்கிற வேலை. கூரையில் சோலார் தகடுகள். கண்ணாடி அறையில் முகட்டைத் தொடும் கறிவேப்பிலை மரம். ஆள் கெட்டவர் என்றாலாவது மனம் ஆறும். கெட்டவரும் இல்லை. வாய்க்கு வாய் "அண்ணை, அண்ணை" என்பார். அதைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை.

ஸ்கானர் என்பது விமானிகள் தங்களுக்குள்ளும் தரையோடும் கதைப்பதைக் கேட்கும் ரேடியோப் பெட்டி. எங்கள் குடும்பத்தில் அது என் பொருள். ஃபக்டரியில் என் பக்கத்து இயந்திரத்தில் நின்ற டெனிஷ்காரர் ஒருவர் ஓய்வு பெற்றபோது எனக்குத் தந்துவிட்டுப் போனார். முன்பு அதில் பொலிஸ், தீயணைப்பு எல்லாம் கேட்குமாம். அவையெல்லாம் பிறகு பூட்டுப் போட்ட அலைவரிசைகளுக்குப் போய்விட்டன. மிஞ்சியது ஆகாயம்தான். மகள் சின்னவளாக இருந்தபோது என் மடியில் ஏறி இருந்து அதைக் கேட்பாள். "அப்பா, இது எங்கை போகுது?" என்பாள். எனக்கென்ன தெரியும்? "ஒஸ்லோவுக்கு" என்பேன். அந்த வருடங்களில் எங்கள் வீட்டுக்கு மேலே பறந்த எல்லாப் பிளேனும் ஒஸ்லோவுக்கே போயின.

அவள் வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய், போன வருடம் நகரத்துக்கு வெளியே உள்ள சின்னப் பறப்புக் கழகத்தில் பிளேன் ஓட்டப் பழகச் சேர்ந்தாள். அதற்கு என் பெட்டிதான் காரணம் என்று நான் நம்புகிறேன். அவள் அப்படிச் சொன்னதில்லை. எழுத்துப் பரீட்சைக்கான புத்தகங்கள் எல்லாம் டெனிஷில் இருந்தன, அதனால் சித்தப்பாவிடம் போனாள். மாரி முழுக்க, வாரத்தில் இரண்டு நாள், சகலன் அவளோடு மேசையில் இருந்து காற்று, மேகம், சட்டம் என்று படிப்பித்தார். தனக்கும் அது பிடித்துப்போய், நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு ஸ்கானரும் வாங்கினார். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை.

பிறகு சனிக்கிழமைகள் தொடங்கின. மகள் பயிற்றுநரோடு பறக்கும்போது சகலன் வீட்டுக் குசினியில் கூட்டம் கூடும். அவர் மனைவி, என் மச்சாள், வடை சுடுவாள். என் மனைவியும் போய்விடுவாள். ஒருமுறை நானும் போனேன். அவரின் பெட்டி என்னுடையதில் பாதி அளவு. என் வீட்டைப்போலக் கூரையில் அன்ரெனா கிடையாது. பெட்டியோடு வந்த ஒரு முழக் கம்பியைக் கறிவேப்பிலைச் சாடிக்குள் குத்தி வைத்திருந்தார். அதிலே என் மகள் அடுத்த அறையில் நின்று கதைப்பதுபோலக் கதைத்தாள். சகலன் எழும்பி, "அண்ணை, கிட்ட வாங்கோ, இதிலை இருங்கோ" என்று தன் கதிரையை இழுத்துவிட்டார். என் பிள்ளையின் குரலைக் கேட்க எனக்கு இவர் இடம் தருகிறார்! வேலை இருக்கிறது என்று சொல்லி, கடித்த வடையைத் தட்டில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் என் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அது எப்படியென்றால், பக்கத்து வீட்டில் யாரோ ஓயாமல் மிக்ஸியில் உழுந்து அரைப்பதுபோல ஒரு கர்ர். போன இலையுதிர் காலம்வரை அப்படி இருக்கவில்லை. இரைச்சலை அடக்க அந்தப் பெட்டியில் ஒரு திருகு உண்டு. அதைக் கூட்டினால் உறுமல் நின்றுவிடும், ஆனால் அதோடு மெல்லிய குரல்களும் வெட்டுப்பட்டுப் போகும். பெரிய விமானங்கள் கேட்கும். சின்னக் கழகத்தின் சின்னப் பிளேனில் இருக்கும் என் பிள்ளை கேட்கமாட்டாள்.

இந்த நேரத்தில்தான் அவளின் முதல் தனிப்பறப்பு நெருங்கியது. அதை முன்கூட்டிச் சொல்லமாட்டார்களாம். ஏதோ ஒரு நாள், வழக்கமான பயிற்சியின் நடுவில், பயிற்றுநர் இறங்கிக் கதவைச் சாத்தி, நீ போய்விட்டு வா என்பாராம். "இந்த மாதத்துக்குள்ளை இருக்கும்" என்று மகள் சொன்னாள். அது ஒரே ஒரு தரம் நடப்பது. அந்தக் குரலை நான் கேட்கவேண்டும். என் வீட்டில், என் பெட்டியில் கேட்கவேண்டும். சகலனுக்கு முன்னால் இல்லாவிட்டாலும், அவரோடு சமமாகவாவது கேட்கவேண்டும். அந்த மாதம் எனக்கு வேறு ஆசை எதுவும் இருக்கவில்லை.

ஃபக்டரியில் என் வேலை, வார்த்து வரும் பிளாஸ்டிக் மூடிகளில் பிழை பிடிப்பது. ஒரு பிழை வந்தால் நேரம், இயந்திரம், என்ன மாதிரியான பிழை என்று எழுதிவைப்போம். எழுதிக்கொண்டு போனால் பிழை தானாகவே தன் ஊரைச் சொல்லும் என்பது எங்கள் மேற்பார்வையாளரின் கொள்கை. அதே மாதிரி வீட்டிலும் ஒரு கொப்பி போட்டேன். நான் வேலையில் நிற்கும் நேரங்களில் மனைவியைக் கொண்டு கேட்கச் செய்தேன். இரண்டு வாரத்தில் விடை பளிச்சென்று தெரிந்தது. உறுமல் காலை ஏழு மணிக்குத் தொடங்குகிறது. மாலை ஏழு மணிக்கு நிற்கிறது. சூரியன் இருக்கும் நேரம்.

சகலன் வீட்டில் சோலார் பூட்டியது எப்போது? போன இலையுதிர் காலம். என் பெட்டி கெட்டது எப்போது? போன இலையுதிர் காலம்.

எனக்கு வந்த சந்தோசத்தை என்னவென்று சொல்வது! குசினிக்குள் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். சோலார்க் கருவிகள் சில ரேடியோவைக் குழப்பும் என்று இணையத்திலும் போட்டிருந்தது. மழை நாட்களிலும் உறுமல் அதே அளவில் இருந்ததாக என் கொப்பியே சொன்னது. அதன் பக்கத்தில், "முகிலிலும் சோலார் வேலை செய்யும்" என்று எழுதிக்கொண்டேன். அந்த இணையப் பக்கத்தின் முதல் வரி, முதலில் உங்கள் சொந்த வீட்டின் மெயின் சுவிச்சை நிறுத்திப் பாருங்கள் என்று இருந்தது. அதையும் வாசித்தேன். வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். கள்ளன் யாரென்று தெரிந்தபிறகு சொந்த வீட்டை ஏன் சோதிக்கவேண்டும்?

கூட வேலை செய்யும் ஒருவரிடம் கைக்குள் அடங்கும் சின்ன ஸ்கானர் ஒன்றை இரவல் வாங்கி, ஒரு புதன்கிழமை பின்னேரம் அதைக் காதில் வைத்தபடி வீதியில் நடந்தேன். என் வீட்டு வாசலில் உறுமல் பலமாக இருந்தது. மூன்றாவது வீட்டில் குறைந்தது. நாயோடு வந்த பக்கத்து வீட்டு டெனிஷ் மனுசி, யாரோடு கதைக்கிறாய் என்று கேட்டாள். ஒருவரோடும் இல்லை, கேட்கிறேன் என்றேன். நாயை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனாள். ஐந்தாவது வீட்டில் உறுமல் முனகலானது. சகலன் வீட்டு வாசலில் ஒன்றுமே இல்லை, துப்புரவாக இருந்தது.

புத்தியுள்ளவன் அங்கேயே திரும்பி வந்திருப்பான். நான் அண்ணாந்து கூரையைப் பார்த்தேன். தகடுகள் மேலே இருக்கின்றன, அலை என் தலைக்கு மேலால் போகிறது, என் கூரை அன்ரெனாவில் போய் நேராக விழுகிறது என்று எனக்கு நானே விளங்கப்படுத்தினேன். கொப்பியிலும் அப்படியே எழுதினேன். படம்கூடக் கீறினேன்.

அடுத்தநாள் வியாழக்கிழமை, வேலை முடிந்து வந்த கையோடு, மூன்று மணிக்கு அவர் வீட்டு மணியை அடித்தேன். வியாழக்கிழமைகளில் அவர் வீட்டிலிருந்து வேலை செய்வார். சண்டைக்கு வேண்டிய வசனங்களையெல்லாம் வழியிலேயே அடுக்கிவைத்திருந்தேன்.

"தம்பி, உம்மடை சோலார் என்ரை ரேடியோவைக் கெடுக்குது."

"அப்பிடியோ அண்ணை? ஐயோ, எனக்குத் தெரியாதே. வாங்கோ, இப்பவே நிப்பாட்டிப் பாப்பம்."

அவ்வளவுதான். அடுக்கிவைத்த வசனங்கள் எல்லாம் வீண். மின்பெட்டியைத் திறந்து சோலாரின் சுவிச்சை டக்கென்று கீழே தள்ளினார். என் மனைவியை வீட்டில் ஸ்கானருக்குப் பக்கத்தில் இருத்திவிட்டு வந்திருந்தேன். இரைச்சல் நிற்கிறதா என்று நிச்சயமாகத் தெரியவேண்டும் என்பதற்காக, அந்த அடக்கும் திருகையும் முழுக்கத் திறந்துவிட்டிருந்தேன். அவளுக்குப் போன் எடுத்தேன்.

"என்ன மாதிரி? நிண்டிட்டுதோ?"

"இல்லையப்பா. அப்பிடியே கர்ர் எண்டுதான் கிடக்கு."

நான் சகலனைப் பார்த்தேன். "மெயினையும் ஒருக்கா நிப்பாட்டிப் பாப்பமே, தம்பி?"

அவர் கொம்பியூட்டரில் செய்துகொண்டிருந்ததைச் சேமித்து, வேலை இடத்துக்கு ஏதோ தகவல் அனுப்பிவிட்டு வந்து, மெயினையும் நிறுத்தினார். குளிர்ப்பெட்டியின் சத்தம் அடங்கியது. கறிவேப்பிலைச் சாடிக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய ஸ்கானரின் சின்னப் பச்சை விளக்கு அணைந்தது. அது அணைந்ததைப் பார்க்க எனக்குச் சந்தோசமாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் இருந்தது.

திரும்பவும் போன் எடுத்தேன்.

"இப்ப?"

"இரைச்சல் இருக்கு. ஆனா இஞ்சேருங்கோ, பிள்ளையின்ரை..."

"பிள்ளையின்ரை கதை பிறகு. இரைச்சலைச் சொல்லும்."

"அதைத்தான் சொல்லுறன், அந்த இரைச்சலுக்குள்ளை..."

"உள்ளுக்கை வெளியிலை எண்டு வேண்டாம். கூடினதோ குறைஞ்சதோ?"

"அப்பிடியேதான்" என்றாள்.

எனக்குத் தோல்வியை ஒத்துக்கொள்ள மனமில்லை. இந்தக் கருவிகளுக்குள் கரண்ட் தேங்கி நிற்கும், முழுக்க வடிய இருபது நிமிடம் எடுக்கும் என்று சகலனிடம் சொன்னேன். அதை நான் எங்கும் வாசிக்கவில்லை. நின்ற நிலையில் பிறந்த பொய். அவர் நம்பினார். கேத்தில் வேலை செய்யாதபடியால் தோடம்பழச் சாறு ஊற்றித் தந்தார். கரண்ட் இல்லாத குசினியில் இரண்டு பேரும் எதிரும் புதிருமாக இருந்தோம்.

"பிள்ளை நல்லா ஓடுறாளாம், அண்ணை. இறங்கிறதுதான் கஸ்டம், அதுவும் இப்ப திறமாம். இன்ஸ்ட்ரக்டர் சொன்னவராம்."

இறங்குவது கஷ்டம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. "ஓம், ஓம், எனக்கும் சொன்னவள்" என்றேன். சுவரில் மணிக்கூடு மூன்றரையைத் தாண்டியது. மூன்றே முக்காலுக்கு மெயினைப் போட்டார். என் வீட்டில் உறுமல் அப்படியேதான் இருந்தது. அப்ப பிறகு பாப்பம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வரும்போதும் அவரில்தான் கோபம்.

அன்று மாலை மகள் வந்தாள். அவள் தனி அறை எடுத்து இருக்கிறாள், வாரநாட்களில் வருவது குறைவு. தலைமயிர் நனைந்து கிடந்தது, யாருடையதோ பெரிய சுவெற்றர் போட்டிருந்தாள். தாயைக் கட்டிப்பிடித்து டெனிஷில் கடகடவென்று சொன்னாள். பின்னேரம் மூன்றேகாலுக்குப் பயிற்றுநர் இறங்கிவிட்டாராம். தனியாக மூன்று சுற்று, மூன்று தரம் இறக்கம். இறங்கி வந்ததும் கழகத்து ஆட்கள் ஒரு வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றினார்களாம், அது அவர்களின் வழக்கமாம்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். எனக்காகத் தமிழுக்கு மாறினாள். அதை அவள் எப்போதாவதுதான் செய்வாள்.

"அப்பா, நான் ஆறுதலாக் கதைச்சனான். உங்கடை பெட்டி இரையுது எண்டு அம்மா சொன்னவ. அதுதான், ஒவ்வொரு சொல்லா, ஆறுதலா, வடிவாச் சொன்னனான். இன்ஸ்ட்ரக்டர் கீழை நிண்டு சிரிச்சவர், ஆருக்குப் பாடம் எடுக்கிறாய் எண்டு. கேட்டதோ, அப்பா?"

மனைவி அகப்பையோடு நின்றாள். நான் மகளின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்துக்கு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஓம். நல்லாக் கேட்டது. பெட்டி இப்ப திருத்தியாச்சு."

அவள் என் தோளில் முகத்தை வைத்தாள். ஈரம் என் சேட்டில் ஊறியது. பிறகு சித்தப்பாவுக்குப் போன் எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள். அவர் வாழ்த்தினார், சத்தமாகச் சிரித்தார். கேட்டீர்களா என்று அவள் கேட்டதும், அந்த நேரம் வேலை விசயமாக ஒரு கூட்டத்தில் மாட்டுப்பட்டுவிட்டேன், தவறிப்போச்சு, மன்னித்துக்கொள் என்று டெனிஷில் சொன்னார். நான் வந்ததையோ, மெயினை நிறுத்தியதையோ சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றுகிறாராம். அந்தப் பெருந்தன்மையையும் என்னால் பொறுக்க முடியவில்லை.

மகள் போனபிறகு மனைவி கோப்பைகளைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"நான் சொல்ல வந்தனான். நீங்கள் விடேல்லை."

"என்னத்தை?"

"பிள்ளையின்ரை குரல். அந்த இரைச்சலுக்குள்ளாலை வந்தது. மூண்டு தரமும் கேட்டனான்."

திருகை முழுக்கத் திறந்துவிட்டபடியால் உறுமலோடு சேர்ந்து அதுவும் உள்ளே வந்திருக்கிறது. இவ்வளவு நாளும் உறுமலைப் பொறுத்துக்கொண்டு திருகைத் திறந்து வைத்திருந்தால் எல்லாச் சனிக்கிழமையும் நான் கேட்டிருக்கலாம். ஆனால் அந்த நேரம் எனக்கு அது தோன்றவில்லை. ரேடியோவைத் தொட்டே அறியாத இவள் கேட்டிருக்கிறாள், நான் கேட்கவில்லை என்பது மட்டும்தான் தோன்றியது. ஏழு வீடு தள்ளி இருந்த என் பொறாமை எங்கள் குசினிக்கே வந்துவிட்டது. இரண்டு நாள் அவளோடு சரியாகக் கதைக்கவில்லை.

சனிக்கிழமை அவளுக்கு முதியோர் இல்லத்தில் காலை வேலை. நான் தனியே இருந்தேன். சகலன் வீட்டில் கரண்டே இல்லாத நேரத்திலும் உறுமல் இருந்தது என்பதை இரண்டு நாளாக எப்படியெல்லாமோ சுற்றிப் பார்த்தும் ஒரு வழிக்கும் வரவில்லை. கடைசியில் இரவல் ஸ்கானரைக் கையில் பிடித்துக்கொண்டு என் சொந்த மின்பெட்டியைத் திறந்து, என் சொந்த மெயினை நிறுத்தினேன்.

உறுமல் நின்றது.

பிறகு மெயினைப் போட்டு, அறை அறையாக நிறுத்திக்கொண்டு வந்தேன். படுக்கை அறையை நிறுத்தினேன், உறுமியது. குசினியை நிறுத்தினேன், உறுமியது. உடுப்புத் தோய்க்கும் அறையை நிறுத்தினேன், அடங்கிவிட்டது. கதவைத் திறந்தேன். தோய்க்கும் இயந்திரம் அசையாமல் கிடந்தது. அதன் மேலே ஒரு சாடி. சாடிக்கு மேலே, சங்கிலியில் தொங்கியபடி, நான் வாங்கிய விளக்கு.

அந்த விளக்கின் கதையையும் சொல்லவேண்டும். போன கோடையில் மச்சாள் தங்கள் கறிவேப்பிலை மரத்தின் அடியில் முளைத்த ஒரு கன்றைக் கிளப்பித் தந்தாள். எங்கள் வீட்டில் அதற்கு இரண்டு இலைக்கு மேல் வரவில்லை. என் மனைவி ஒவ்வொரு வாரமும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போய் நறுக்கிக்கொண்டு வருவாள். எங்கள் கறியில் மிதக்கும் ஒவ்வொரு இலையும் சகலனின் இலை. குளிர் தொடங்கிக் கன்றை உள்ளே எடுத்த அன்று, செடிகளுக்கென்று விற்கும் விளக்கில் ஆகப் பெரியதாகப் பார்த்து இணையத்தில் எடுப்பித்தேன். ஊதா வெளிச்சம். அந்த அறை யன்னலைப் பார்த்து வீதியில் போகிறவர்கள் நின்றார்கள். நேரம் வைத்துத் தானாக எரிந்து அணையும் சுவிச் ஒன்றையும் அதற்குப் பூட்டினேன். காலை ஏழு தொடக்கம் மாலை ஏழு வரை. சுவரில் அந்தச் சாடிக்குப் பின்னாலேதான் கூரை அன்ரெனாவின் வயர் இறங்குகிறது.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அந்த ஊதா வெளிச்சத்தில் நின்று சப்பாத்துப் போட்டிருக்கிறேன். என் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். வீட்டில் புதிதாகச் சேர்ந்த மின்கருவிகள் என்று ஒரு பக்கம். சகலன் வீட்டுக்குக் கீழே ஐந்து எழுதியிருந்தேன். என் வீட்டுக்குக் கீழே, "இல்லை" என்று வடிவான எழுத்தில் இருந்தது.

விளக்கைக் கழற்றிவிட்டு அப்படியே சகலன் வீட்டுக்குப் போனேன். போகாமல் விட்டிருந்தால் பிறகு ஒருநாளும் போயிருக்கமாட்டேன். அவர் வெளியே சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். நல்ல வெயில். மூன்று நாளாகவே நல்ல வெயில்.

"வாங்கோ அண்ணை. சோலாரை நான் இன்னும் போடேல்லை. நீங்கள் வடிவாச் செக் பண்ணி முடியட்டும் எண்டுதான் விட்டு வைச்சிருக்கிறன்."

"போடும் தம்பி. அது என்ரை விளக்கு."

எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கை ஏன் வாங்கினேன் என்பதையும், இருபது நிமிடக் கதை பொய் என்பதையும் சொன்னேன். "மன்னிச்சுக்கொள்ளும்" என்றேன். பதினொரு வயது குறைந்தவரிடம் அந்தச் சொல் எளிதாக வரவில்லை. அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். காற்றடிக்கும் பம்பைக் கீழே வைத்தார்.

"அப்ப வியாழக்கிழமை ரெண்டு பேருக்கும் கேக்காமல் போச்சு, என்ன அண்ணை?"

இத்தனை வருடத்தில் அந்த முகம் வாடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். மாரி முழுக்க அந்தப் பிள்ளையோடு இருந்து படித்தவர். அவரும்தான் அந்தக் குரலுக்குக் காத்திருந்திருக்கிறார். அது எனக்கு அதுவரை ஒரு கணமும் படவில்லை. பிறகு வழக்கம்போல, "பரவாயில்லை அண்ணை, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார். குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் திரும்பவும் தனியாகப் பறந்தாள். என் பெட்டி துப்புரவாக இருந்தது. திருகை முழுக்கத் திறந்தும் மெல்லிய மூச்சு மட்டும்தான். பத்தரை மணிக்கு அவளின் குரல் வந்தது. ஒரு பிசிறு இல்லை. ஆனால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மற்ற விமானிகளைப் போலவே அவளும் எல்லாச் சொல்லையும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். மூன்றாம் தரம்தான் அது அவள் என்றே நிச்சயமானது. பின்னேரம் போன் எடுத்தேன்.

"ஏனம்மா இவ்வளவு கெதியாக் கதைச்சனி?"

"எல்லாரும் அப்பிடித்தான் அப்பா கதைக்கிறது. உங்கடை பெட்டிதான் இப்ப திருத்தியாச்சு எண்டியளே. இனிப் பிரச்சினை இல்லைத்தானே?" சந்தோசமாகச் சொன்னாள்.

"ஓம், இல்லை" என்றேன்.

அவளுக்கு இதுவரை உண்மையைச் சொல்லவில்லை. அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அந்தத் துணிவில்தான் இதை எழுதுகிறேன். விளக்கைக் குப்பை மையத்தில் கொண்டுபோய்ப் போட்டேன். கன்று குசினி யன்னலுக்கு வந்து இரண்டு இலையோடு நிற்கிறது. மனைவி பழையபடி கத்தரிக்கோலோடு போய்வருகிறாள். பொறாமை போய்விட்டதா என்றால், சகலனில் கொஞ்சம் குறைந்திருக்கிறது. மனைவியில் குறையவில்லை. எனக்கென்று பேசிய குரல் அவளிடம்தான் இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனை வைத்தபிறகு குசினிக்குப் போனேன். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"வியாழக்கிழமை பிள்ளை எப்பிடிச் சொன்னவள்? ஒருக்காச் சொல்லிக் காட்டும்."

அவள் கத்தியை வைத்துவிட்டுப் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். நேராக நின்றாள். இறங்க வருகிறேன் என்பதற்கு இங்கே விமானிகள் சொல்லும் அந்த இரண்டு டெனிஷ் சொற்களையும், எங்கள் ஊர் நாக்கோடு, நடுவில் இடைவெளி விட்டு, ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"போ... ஃபினேலென்."

"இவ்வளவு ஆறுதலாவோ?"

"இதைவிட ஆறுதலா."

"இன்னொருக்காச் சொல்லும்" என்றேன்.